எழுத்துக்கும் மாதக் கணக்கு வேண்டும்
மன்னார்த் தீவிலும் கரையோரத்திலும் எழுதுவோரின் நிலைப்பாட்டு அறிக்கை

தலைமன்னார், பேசாலை, எருக்கலம்பிட்டி, மன்னார் நகர், வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை என்று தீவிலும் பெருநிலக் கரையிலும் இருந்து எழுதுகிறவர்கள் நாங்கள். கதை, கவிதை, நாட்டுக்கூத்து, பத்திரிகைச் செய்தி, வானொலி உரை, மொழிபெயர்ப்பு என்று எழுத்தால் முழுதாகவோ பாதியாகவோ சீவிக்கிறோம். எழுதுகிறவர் தான் எழுதியதற்கும் அதனால் வந்த காசுக்கும் மாதந்தோறும் கணக்கு வைக்க வேண்டுமா என்ற கேள்வி எங்கள் கூட்டங்களில் பலமுறை எழுந்தது. "எழுத்து ஒரு தொண்டு, அதற்குக் கணக்குப் பார்க்கலாமா?" என்று கேட்டவர்கள் எங்களுக்குள்ளேயே இருந்தார்கள். பேசித் தீர்த்து நாங்கள் எடுத்த முடிவு இது: கணக்கு வைக்க வேண்டும். எழுத்துக்குக் கொடுப்பவர்களும் கணக்குக் காட்ட வேண்டும்.

கரையில் கற்றது

எங்கள் அயலில் கடற்றொழில் செய்பவர்கள் கணக்கில்லாமல் வீடு திரும்புவதில்லை. எண்ணெய்ச் செலவைக் கழித்து, படகுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு பிரிப்பார்கள். மீன்பாடு இல்லாத நாளும் அந்தக் கணக்கில் இருக்கும். சோளகம் அடிக்கும்போது தென்கடல் குழம்பும், வாடை அடிக்கும்போது வடகடல் குழம்பும். எந்த மாதம் எந்தக் கடல் கைகொடுக்கும் என்பது அவர்களுக்குத் தெரிவது வருடக்கணக்காக நினைவில் வைத்த கணக்கால்தான்.

முத்துக்குளிப்பிலும் அப்படித்தான். 1900களின் தொடக்கத்தில் எங்கள் கரையின் மரிச்சுக்கட்டியில் படகுகள் கொண்டுவந்த சிப்பிகள் 'கொட்டு' என்ற வேலியடைப்புக்குள் குவிக்கப்பட்டு மூன்று பங்காகப் பிரிக்கப்பட்டன. இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவருக்கு. அது நீதியான பங்கீடு என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனாலும் மூச்சை அடக்கிக் கடலில் இறங்கிய மனிதனுக்குத் தன் பங்கு எதுவென்று அன்றே தெரிந்தது. இன்று நாற்பது பக்கம் மொழிபெயர்த்துக் கொடுத்த எங்கள் தோழிக்குத் தன் பங்கு எவ்வளவு, எப்போது வரும் என்று மூன்று மாதம் கழித்தும் தெரியவில்லை.

அந்தக் கொட்டுகளை மேற்பார்வை செய்ய 1906இல் வந்த இளம் அரச அலுவலர்களில் ஒருவர் லெனார்ட் வூல்ஃப். பின்னாளில் அவர் எழுத்தாளரானார், வெர்ஜீனியா வூல்ஃபை மணந்தார். 1917இல் இருவரும் சிறு கையச்சு இயந்திரம் ஒன்றை வாங்கி, வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து, தங்கள் கதைகள் இரண்டை 150 பிரதி அளவில் அச்சிட்டார்கள். ஹோகார்த் அச்சகம் தொடங்கியது அப்படித்தான். முத்துக்குளிப்பைப் பற்றி லெனார்ட் எழுதிய கதையும் 1921இல் அந்த அச்சகத்திலிருந்தே வந்தது. தனக்கும் மனைவிக்கும் புத்தகத்தால் எவ்வளவு, பத்திரிகை எழுத்தால் எவ்வளவு என்று அவர் ஆண்டுவாரியாகக் குறித்து வைத்தார். அந்தத் தொகைகளை 1967இல் தன் சுயசரிதையில் வெளிப்படையாக அச்சிட்டார். வெர்ஜீனியா போன்ற உலகம் போற்றும் எழுத்தாளரும் நெடுங்காலம் புத்தகத்தால் சொற்பமே சம்பாதித்தார் என்பதை நாம் இன்று அறிவது அந்தக் கணக்கால். அரசின் இரண்டு பங்கை எண்ண வந்த அலுவலரை நாங்கள் கொண்டாடவில்லை. எழுத்தின் கணக்கை மறைக்காத எழுத்தாளரிடமிருந்து கற்றுக்கொள்கிறோம்.

வெளியீட்டு இரவு

எங்கள் நூல்கள் பெரும்பாலும் சொந்தக் காசில் முந்நூறு, ஐந்நூறு பிரதிகள் அச்சாகின்றன. வெளியீட்டு விழா முடிந்த இரவு, வீட்டு மேசையில் வந்தவர்கள் தந்த காசு உறைகள் குவிந்திருக்கும். ஒருவர் உறையைக் கிழித்துத் தொகையைச் சொல்ல, இன்னொருவர் சீ.ஆர். கொப்பியில் பெயரோடு எழுதுவார். அச்சுக்கூலி, மண்டப வாடகை, ஒலிபெருக்கி, சிற்றுண்டி எல்லாவற்றையும் கழித்துப் பார்த்ததும் கொப்பி மூடப்படும். அதோடு அந்த நூலின் கணக்கும் முடிந்துவிடும். பஸ்ஸில் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் அனுப்பிய பிரதிகள் விற்றனவா, கட்டிலுக்குக் கீழே இருக்கும் பொதியில் எத்தனை மிச்சம் என்பதை எவரும் எழுதுவதில்லை.

உறையில் வந்தது உறவுக்காரரின் அன்பு. இன்னொரு நாள் அவர்கள் வீட்டு நன்மை தீமையில் நாம் திருப்பிக் கொடுக்க வேண்டியது. அதை நூலின் வருமானம் என்று எண்ணி நாங்கள் பலகாலம் ஏமாந்திருக்கிறோம்.

எமது நிலைப்பாடு

1. எழுதுகிற ஒவ்வொருவரும் மாதத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, எழுதியது, எங்கே கொடுத்தது, வர வேண்டியது, வந்தது, செலவு என்று ஐந்து நிரல் போட வேண்டும். வர வேண்டியதையும் வந்ததையும் தனித்தனியாக எழுதினால்தான் நிலுவை கண்ணில் படும். நிலுவை தெரிந்தவருக்கே கேட்க வாய் வரும்.

2. காசு தராத எழுத்தும் ஏற வேண்டும். "நாவல், மூன்றாம் அதிகாரம், 11 பக்கம், வரவு இல்லை" என்பதும் முன்னேற்றமே. திருவிழா மலருக்கும் பாடசாலை மலருக்கும் இலவசமாக எழுதியதையும் எழுதுங்கள். தொண்டு செய்தவர் எவ்வளவு செய்தார் என்பது அவருக்காவது தெரியட்டும்.

3. இந்தக் கணக்கு எழுதுகிறவரின் சொந்தம். யார் அதிகம் எழுதினார், யார் அதிகம் உழைத்தார் என்று எங்கள் வட்டத்தில் ஒப்பிட மாட்டோம். வரவின் அளவை எழுத்தின் தரத்துக்கு அளவுகோலாக்கவும் மாட்டோம். பிள்ளையின் பரீட்சை, பெற்றாரின் நோய், மழை வெள்ளம் என்று எழுத முடியாமற்போன மாதத்துக்கு எவரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. வீட்டு வேலை முடித்துப் பின்னிரவில் எழுதும் பெண்களை மனத்தில் வைத்தே இதை அழுத்திச் சொல்கிறோம்.

4. பத்திரிகைகள், பதிப்பாளர்கள், அரச அலுவலகங்கள், தொண்டு நிறுவனங்கள் ஆகியோரிடம் மூன்றைக் கேட்கிறோம். வேலை தரும்போதே சன்மானத்தையும் தரும் திகதியையும் எழுத்தில் தாருங்கள். சன்மானம் இல்லையென்றால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். விற்பனைக்கு எடுத்த பிரதிகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்குத் தாருங்கள்.

5. வெளியான ஒவ்வொன்றின் பெயர், இதழ், திகதியும் அதே கொப்பியில் இருக்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பதிப்புரிமை எழுதியவரின் வாழ்நாளுக்கும் அதன்பின் 70 ஆண்டுக்கும் உண்டு. பட்டியல் இல்லாவிட்டால் எதற்கு உரிமை கோருவதென்று பிள்ளைகளுக்கே தெரியாது. 1990 அக்டோபரில் இந்த மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சகோதரர்களும், போரில் ஊர் ஊராய் ஓடியவர்களும் வீட்டோடு எதையெல்லாம் விட்டுவிட்டு வந்தார்கள் என்பதை நாங்கள் மறக்கவில்லை. ஆகவே கொப்பியின் பிரதி ஒன்று இன்னொருவர் வீட்டிலும் இருக்கட்டும்.

நாங்கள் செய்யப்போவது

இலங்கையின் வரி ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. எங்கள் கணக்கும் வரும் ஏப்ரல் 1இல் தொடங்கும். புதிதாக எழுத வரும் இளையோருக்கு முதற்கூட்டத்திலேயே கொப்பியும் கையுமாக இதைச் சொல்லிக் கொடுப்போம். நிலுவையைக் கேட்கத் தயங்கும் உறுப்பினருக்காக எங்கள் வட்டத்தின் பெயரில் கடிதம் எழுதுவோம்.

வரவில்லாத மாதங்கள் பல வரும். அந்த மாதங்களிலும் பக்கத்தின் தலையில் மாதத்தின் பெயரை எழுதி, என்ன எழுதினோம் என்று குறித்து, வரவு நிரலில் பூச்சியம் போடுவோம். வெறும் வலையோடு கரைக்கு வந்தவரும் அன்று தொழிலுக்குப் போனவர்தான்.