உதவி எண்ணை எண்ணாகவே எழுதுங்கள்

அமெரிக்காவில் தற்கொலை எண்ணத்தோடு தவிப்பவர்கள் அழைப்பதற்கான எண் 2022 ஜூலை 16 முதல் 988. மூன்றே இலக்கம். அதற்கு முன்னால் பல ஆண்டுகள் அது 1-800-273-8255. அந்தக் கடைசி நான்கு இலக்கங்களின் இடத்தில் டி, ஏ, எல், கே என்ற ஆங்கில எழுத்துகளைப் போட்டு, ‘டாக்’ என்று வாசிக்கும்படி அச்சிடுவார்கள். மூன்று இலக்கத்துக்கு மாறியதை மனதார வரவேற்கிறேன். மற்ற உதவி எண்களும் எழுத்தை விட்டு இலக்கத்துக்கு வர வேண்டும் என்பதுதான் என் கட்சி.

நான் தமிழ்நாட்டில் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது நியூஜெர்சியில் மகள் வீட்டில் இருக்கிறேன். நான் பழகிய டயல்களில் எண்கள் மட்டும்தான். இங்கே 2-இல் ஏ, பி, சி, 3-இல் டி, இ, எஃப் என்று 9 வரை எழுத்துகள் உண்டு. 1-இலும் 0-இலும் கிடையாது. எக்ஸ்சேஞ்சில் இருந்தவர்களுக்கு அதன் காரணம் உடனே விளங்கும். சுழல் டயலில் 1 என்பது ஒரே ஒரு துடிப்பு. ரிசீவர் வைக்கும் கொக்கியில் கை பட்டாலே அந்தத் துடிப்பு போய்விடும். அதனால் எவருடைய எண்ணும் 1-இல் தொடங்காமல் பார்த்துக்கொண்டார்கள். 0 ஆபரேட்டருக்கு.

எழுத்துகளை டயலில் ஏற்றியதற்கு அந்தக் காலத்தில் நியாயம் இருந்தது. பெருநகரங்களில் எக்ஸ்சேஞ்சுகள் பெருகியபோது, நீளமான எண்ணை மக்கள் மறந்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தது. 1917-இல் ஏ.டி. அண்டு டி. நிறுவனத்தின் பிளாவெல்ட், எக்ஸ்சேஞ்ச் பெயரின் முதல் எழுத்துகளையே சுழற்றும் முறையை வகுத்தார். ‘பென்சில்வேனியா 6-5000’ என்றால் பி, இ ஆகிய எழுத்துகளுக்கு 7, 3, ஆக 736-5000. அது நியூயார்க்கின் பென்சில்வேனியா ஹோட்டலின் எண்ணாக இருந்தது. 1940-இல் கிளென் மில்லரின் இசைக்குழு அதைப் பாட்டாகவே வெளியிட்டது. 1958 முதல் பெயர்களை எடுத்துவிட்டு எண் மட்டும் போதும் என்று நிறுவனம் மாற்றத் தொடங்கியதும், 1962-இல் சான்பிரான்சிஸ்கோவில் அதை எதிர்க்க ஒரு சங்கமே கிளம்பியது. அவர்களுடைய ஆதங்கம் எனக்குப் புரிகிறது. வட்டாரத்தின் பெயரைத் தாங்கிய எண் மனதுக்கு நெருக்கமானது. ஆனால் பெயர்கள் போதவில்லை. முதல் எழுத்து 5-இலிருந்தும் அடுத்தது 7-இலிருந்தும் வரும்படி ஓர் ஆங்கிலப் பெயரைத் தேடிப் பாருங்கள், எளிதில் கிடைக்காது. அப்படிச் சில இணைகள் வீணாகவே கிடந்தன.

1967-இல் 800 என்ற கட்டணமில்லா எண்கள் வந்தன. பின்னாளில் எழுத்துகள் வணிகர்கள் கைக்குப் போயின. 1-800-க்குப் பிறகு ‘ஃபிளவர்ஸ்’ என்ற சொல்லை அழுத்தினால் 356-9377, பூ விற்கும் நிறுவனம் எடுக்கும். ஏழு எழுத்து, ஏழு இலக்கம். கார் ஓட்டிக்கொண்டே வானொலியில் கேட்டவருக்கும் மறக்காது. நல்ல உத்திதான், வணிகர்கள் தாராளமாக வைத்துக்கொள்ளட்டும்.

சிக்கல் ஸ்மார்ட்போனில்தான். முன்பெல்லாம் விளம்பரம் சுவரில் இருக்கும், போன் கையில் இருக்கும். ஒரு கண் அங்கே, ஒரு கண் இங்கே வைத்து அழுத்தலாம். இப்போது விளம்பரமும் எண்பலகையும் ஒரே கண்ணாடித் திரைக்குள். படத்தில் உள்ள சொல்லைப் பார்த்து, அதை மூடி, எண்பலகையைத் திறந்து, இலக்கத்துக்குக் கீழே பொடியாக இருக்கும் எழுத்துகளில் ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். தமிழ்வழியில் படித்த எங்கள் தலைமுறைக்கு ‘எஸ்’ எந்தக் கட்டத்தில் என்று கண்டுபிடிக்க ஏ, பி, சி-யை மனதுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. எழுத்து விசைகளோடு வந்த பிளாக்பெர்ரியில் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. அதில் ‘எஃப்’ விசையின் மேல் 6 இருந்தது. டயலிலோ ‘எஃப்’ 3. ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு தட்டினால் சரியான இலக்கம் போகும் என்ற சூட்சுமம் தெரியாதவர், வேறு யாருக்கோ போன் போட்டுவிடுவார்.

பூ வாங்க இரண்டு நிமிடம் கூடுதலாக ஆனால் குடிமுழுகிப் போகாது. குடும்ப வன்முறைக்கான தேசிய உதவி எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்: 1-800-799, அதன் பிறகு எஸ், ஏ, எஃப், இ. இங்குள்ள ஒரு கோயிலின் அறிவிப்புப் பலகையில் யாரோ நல்ல மனதோடு அந்த எண்ணை ஒட்டியிருந்தார்கள், எழுத்தில் மட்டும். பிரசாத வரிசையில் நின்ற ஓர் அம்மாள், கூட்டம் கலைந்தபின் என்னிடம் வந்து, “அண்ணா, நீங்க டெலிபோன்ஸ்ல இருந்தவர்னு சொன்னாங்க. இதுல கடைசி நாலு நம்பர் என்ன?” என்று தணிந்த குரலில் கேட்டார். 7233 என்று சொன்னேன். யாருக்காக என்று நான் கேட்கவில்லை. ஆனால், எவருக்கும் தெரியாமல் அழைப்பதற்காகவே ஏற்பட்ட ஓர் எண்ணுக்கு, அவர் இன்னொரு மனிதரிடம் வந்து நிற்க வேண்டியிருந்தது. அதை என்னால் ஏற்க முடியவில்லை. அடுத்த அறையில் அடிக்கிறவன் இருக்கும்போது எந்தப் பெண் எழுத்தைத் தேடிக்கொண்டிருப்பாள்?

நம் நாட்டில் இந்த வழியில் போகாதது நல்லதாயிற்று. ஆம்புலன்ஸ் 108, குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, மனநல ஆலோசனைக்கு 14416. எந்த மொழிக்காரரும் தன் மொழியிலேயே படித்து அழுத்தலாம். நம்மவர்கள் ஏலத்தில் எடுக்கும் ஃபேன்சி நம்பர்கூடப் பெரும்பாலும் ஒரே இலக்கம் திரும்பத் திரும்ப வருவதுதான்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. ஆண்ட்ராய்டு மென்பொருளுக்குள் எழுத்தை எண்ணாக்கும் நிரல் ஏற்கெனவே இருக்கிறது. போன் தயாரிப்பவர்கள் அழைப்புத் திரையிலேயே முழு விசைப்பலகையை வரவழைக்க ஒரு பொத்தான் வைத்து, சொல்லைத் தட்டினால் எண் வரும்படி செய்யலாம். இணையதளம் நடத்துபவர்களுக்கு 2004-இலேயே வெளியான இணைய நெறிமுறை ஒன்று, தொட்டால் அழைக்கும் இணைப்புக்குள் எழுத்து கூடாது, இலக்கம்தான் வேண்டும் என்று சொல்கிறது. அதன்படி நடந்தால் போதும். சுவரொட்டி அடிப்பவர்களுக்கு மென்பொருளும் வேண்டாம், நெறிமுறையும் வேண்டாம். எல்லா இலக்கங்களையும் பெரிதாகப் போட்டுவிட்டு, சொல்லை அதன் கீழே சிறிதாக அச்சிடட்டும்.