அலாவுதீன் விளக்கு எரிந்தால்...

எங்கள் ஊரில் ராஜ மரியாதையோடு வீதி வலம் வருகிற வண்டி ஒன்றே ஒன்றுதான். தேர். அதற்கு டேஷ்போர்டு கிடையாது. பிரேக் என்பது முட்டுக்கட்டை. வார்னிங் லைட் என்பது முட்டுக்கட்டைக்காரர் போடுகிற கூச்சல். அந்தக் கூச்சல் கேட்டதும் வடம் பிடிக்கிற அத்தனை பேரும் நின்றுவிடுவார்கள். ‘இன்னும் நாலடிதானே, இழுத்துடலாம்’ என்று யாரும் சொல்வதில்லை.

கார் விஷயத்தில் மட்டும் நாம் எல்லோரும் அந்த நாலடி ஆசாமிகள்தான்.

போன வைகாசியில் என் சித்தப்பா பெண்ணுக்குக் கல்யாணம். சித்தப்பா பிள்ளையார்பாளையத்தில் தறி போட்டிருப்பவர். 40 வருஷமாக ஊரார் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் பட்டு நெய்தவர், முதல் தடவையாகத் தன் வீட்டுக் கல்யாணத்துக்கு நெய்தார். மாப்பிள்ளைக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. மாப்பிள்ளைக்கு ஒரு நண்பன். அந்த நண்பனுக்கு ஒரு முதலாளி. அந்த முதலாளிக்கு ஒரு வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டே சீட். கூரையை மடக்கி உள்ளே வைத்துக்கொள்ளும். எஞ்சின் முதுகுப் பக்கம். தரைக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு தோசை புரளலாம், இட்லி புரள முடியாது.

“மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு சாயங்காலம் எடுத்துக்கப்பா” என்று முதலாளி டிரைவரோடு அனுப்பிவைத்தார். டிரைவரிடம் மட்டும் தனியாக, “எஞ்சினுக்கு ஏதாவது ஆச்சு, அதோட நீ வேலைக்கு வரவேணாம்” என்றாராம்.

டிரைவர் தம்பிக்கு 24, 25 வயசு இருக்கும். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ரெண்டு சீசன் டயர் உருட்டியவன். சென்னையிலிருந்து எங்கள் ஊருக்கு வருகிற வழியில், ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் இருக்கிறதே, 1990-ல் திறந்த டிராக், அதுதான். 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன், 2010-ல் அங்கே போன கருண் சந்தோக் எல்லாம் டயர் தேய்த்த இடம்.

“நீ வண்டி பக்கத்துலயே இரு” என்று குடும்பம் என்னை நியமித்தது. என் தகுதி: வம்சத்திலேயே ஒரு எஞ்சினைக் கொன்ற அனுபவம் எனக்கு மட்டும்தான் உண்டு.

* * *

அதைச் சொல்லிவிடுகிறேன். செகண்ட் ஹேண்டில் ஒரு கார் வாங்கியிருந்தேன். ஒருநாள் வாலாஜாபாத்திலிருந்து திரும்பும்போது டேஷ்போர்டில் சிவப்பாக ஒரு அலாவுதீன் விளக்கு எரிந்தது. மூக்கு நுனியில் ஒரு சொட்டு. நான் பி.காம். அது ஆயில் கேனின் படம் என்று கண்டுபிடிக்கவே ரெண்டு கி.மீ. ஆயிற்று. ஆயில் குறைந்துவிட்டது என்று முடிவு கட்டி, வழியில் ஒரு லிட்டர் வாங்கி ஊற்றினேன். விளக்கு அணையவில்லை. ‘இப்பத்தானே ஊத்தியிருக்கு, போய்ச் சேர நேரமாகும்’ என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு ஓட்டினேன். ஊருக்கு 5 கி.மீ. இருக்கும்போது எஞ்சினுக்குள் யாரோ அம்மியைத் தூக்கிப் போட்டார்கள்.

மெக்கானிக் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “சார், அது ஆயில் அளவு காட்டுற லைட் இல்ல. பிரஷர் லைட்டு. கீழ்த் தொட்டி நிறையத் தண்ணி இருக்கு. மோட்டார் ஓடலன்னா மாடிக் குழாய்ல வருமா?”

எஞ்சின் ஓடும்போது அந்த விளக்கு எரிந்தால் ஒரே வைத்தியம்தான். ஓரம் கட்டி, ஆஃப் பண்ணிவிட வேண்டும். ஆயில் ஏறாவிட்டால் உள்ளே இரும்பும் இரும்பும் உரசும். எஞ்சின் தாங்குவது சில நிமிஷம்தான்.

அலாவுதீன் விளக்கிலிருந்து பூதம் வருவது உண்மைதான். கையில் பில் புத்தகத்தோடு வந்தது. 38,000 ரூபாய்.

* * *

மாப்பிள்ளை அழைப்பு அன்று பிள்ளையார் கோயில் வாசலில் கார் நின்றது. அலங்காரக்காரர் ரெண்டு மணி நேரம் பூவாலேயே இழைத்திருந்தார். எஞ்சினை அணைத்துவிட்டு, ஹெட்லைட்டை மட்டும் போட்டு, பாட்டு அலற, முக்கால் மணி நேரம் போட்டோ எடுத்தார்கள். மாப்பிள்ளை ஏறினார். நாதஸ்வரக்காரர் சீவாளியை நனைத்தார். தம்பி ஸ்டார்ட் பண்ணினான்.

டேஷ்போர்டு முழுக்கக் கார்த்திகை தீபம்!

வட்டத்துக்குள் ‘ஏ.பி.எஸ்.’ என்று ஒன்று. குடித்துவிட்டு ஓட்டுகிற மாதிரி வளைந்து போகும் கார் ஒன்று. அண்டாவுக்குள் ஆச்சரியக்குறி ஒன்று. நடுவில், ஹெலிகாப்டர் மாதிரி இருக்கும் எஞ்சின் படம்.

“வெடிச்சிடுமா?” என்று மாப்பிள்ளையின் மாமா ரெண்டடி பின்வாங்கினார். அத்தை ஒருத்தர் எலுமிச்சம்பழத்துக்கு ஆள் அனுப்பினார். மாப்பிள்ளை மாலையோடு இறங்கப் பார்த்தார், முடியவில்லை. அந்தக் காரில் ஏறுவதே கஷ்டம், இறங்குவது யோகாசனம்.

தம்பி அசையவில்லை. “எல்லாம் மஞ்சள்தான் சார்” என்றான்.

அங்கேயே எனக்கு ஒரு பாடம் நடத்தினான். இந்தப் படங்களுக்கு ஐ.எஸ்.ஓ. 2575 என்று ஒரு உலகத் தரம் இருக்கிறது. கலருக்கும் பொதுவான கணக்கு உண்டு. பச்சையும் நீலமும் வெறும் தகவல். மஞ்சள் என்றால், கவனி, சீக்கிரம் ஒர்க்‌ஷாப்புக்குப் போ. சிவப்பு என்றால், நில். “டிராக்ல கொடியும் அப்படித்தான் சார். மஞ்சள் காட்டினா மெதுவா போகணும், ஓவர்டேக் பண்ணக்கூடாது. சிவப்பு காட்டினா ரேஸே நின்னுடும்.”

பி.காம். மண்டைக்குப் புரிகிற மாதிரி சொல்வதென்றால், பச்சை என்பது பாஸ்புக் என்ட்ரி. மஞ்சள், ஆடிட்டர் எழுதிவைக்கிற குறிப்பு. சிவப்பு, செக் திரும்பி வந்துவிட்டது.

ஒரே ஒரு விதிவிலக்கு. அந்த ஹெலிகாப்டர் மஞ்சளாக நிலையாக எரிந்தால் மெதுவாக ஒர்க்‌ஷாப்வரை போகலாம். கண் சிமிட்டினால் மட்டும் கிட்டத்தட்டச் சிவப்பு. சிலிண்டரில் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், அங்கே இருக்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் எரிகிறது என்று அர்த்தம்.

“சரிப்பா, ஒண்ணு எரிஞ்சா பரவாயில்ல. பத்து எரியுதே?”

“பந்தியில ஒருத்தருக்கு வயித்து வலின்னா அவருக்கு வியாதி சார். பத்து பேருக்கும் ஒரே நேரத்துல வலின்னா, சமையல்ல கோளாறு. இங்க சமையல்காரர் பேட்டரி. போட்டோ எடுக்கறேன்னு அதைக் காலி பண்ணிட்டீங்க. ஸ்டார்ட் பண்ணும்போது வோல்ட் இறங்கவும் அத்தனை கம்ப்யூட்டரும் கத்துது.”

டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு ஒரு சின்னப் பெட்டியைச் செருகினான். 16 பின் சாக்கெட். 1996-லிருந்து அமெரிக்காவில் விற்கும் கார்களுக்குக் கட்டாயமானது, இங்கேயும் புதுக் கார்களில் உண்டு. அவன் போனில் ‘பி 0562’ என்று வந்தது. வோல்டேஜ் குறைவு என்பதற்கான நம்பர். பின்னால் நின்று எட்டிப் பார்த்த சித்தப்பா, “நம்ம ஜக்கார்டு அட்டை மாதிரிதான்” என்றார். “அட்டையில ஓட்டை. அதைப் படிக்கத் தெரிஞ்சவனுக்கு மயில் தெரியும். தெரியாதவனுக்கு ஓட்டைதான் தெரியும்.”

அணைத்துவிட்டு ரெண்டு நிமிஷம் கழித்து மறுபடி ஸ்டார்ட் பண்ணினான். தீபங்கள் ஒவ்வொன்றாக மலையேறின. அத்தையின் எலுமிச்சம்பழத்துக்குத்தான் பேர் கிடைத்தது.

இந்த ஜாதிக் கார்கள் பாதி நாள் ஷெட்டிலேயே தூங்கும். தூங்கும்போதே பேட்டரி இறங்கும். அதனால் சொந்தக்காரர்கள் சார்ஜரை மாட்டியே வைத்திருப்பார்கள். பொய்யாக அலறும் விளக்குகளும் உண்டு. ஃபெராரியின் 355, 360 மாடல்களில் ‘ஸ்லோ டவுன்’ என்று எழுத்திலேயே ஒரு விளக்கு. கன்வெர்ட்டர் சூடாகிறது, மெதுவாகப் போ என்று அர்த்தம். பல வண்டிகளில் கன்வெர்ட்டர் சமர்த்தாக இருக்கும், சூட்டை அளக்கிற சென்சாரோ அதன் குட்டிப் பெட்டியோதான் கெட்டிருக்கும். 2002-ல் பிராட்மேனின் 29 சதத்தைத் தொட்டதற்காக டெண்டுல்கருக்கு ஷூமாக்கர் கையால் கிடைத்ததும் ஒரு 360 மாடெனாதான். அதற்கு வந்த ஒரு கோடிக்கும் மேலான சுங்க வரியை அரசாங்கம் தள்ளுபடி செய்யப்போக, ஊரே அலறி, கடைசியில் ஃபியட் கம்பெனி கட்டியது தனிக் கதை. சென்சார் பொய் சொல்லலாம். ஆனால் அது பொய் என்பதை மெக்கானிக் சொல்ல வேண்டும், மாமா சொல்லக்கூடாது.

மாமா சொன்னார்.

* * *

ஊர்வலம் ஒன்றரை மணி நேரம் ஊர்ந்தது. 300 கி.மீ. வேகத்தில் பறக்கப் பிறந்த வண்டி, தவிலுக்குப் பின்னால் நடைபோட்டது. மண்டபத்தின் சீரியல் செட் கண்ணுக்குத் தெரிகிற தூரம் வந்தது. 200 மீட்டர் இருக்கும். டேஷ்போர்டில் சிவப்பாக ஒரே ஒரு விளக்கு. தண்ணீரில் நிற்கிற தெர்மாமீட்டர் படம்.

தம்பி ஓரம் கட்டினான். எஞ்சினை அணைத்தான். நாதஸ்வரம் பாதி ராகத்தில் நின்றது.

“ஏன்யா நிறுத்தினே?” என்றார் மாமா.

“சூடு ஏறிடுச்சு சார். இனிமே ஓட்டக்கூடாது.”

“முன்னாடி பத்து எரிஞ்சப்ப ஒண்ணுமில்லேன்னே. இப்ப ஒண்ணே ஒண்ணு எரியறதுக்கு நிறுத்தறியா? இதோ மண்டபம்! எடு வண்டியை!”

“ஹெட்டு வளைஞ்சுடும் சார். எஞ்சின் போயிடும்.”

“எங்க மானம் போகுதுய்யா! ஆகற செலவை நாங்க தர்றோம்.”

தம்பியின் குரல் உடைந்தது. “எஞ்சினுக்குக் காசு குடுப்பீங்க சார். எனக்கு வேலை போனா யாரு குடுப்பா?”

நூறு பேர் அவனையே பார்த்தார்கள். வாலாஜாபாத் ரோட்டில் நான் கேட்ட அம்மிச் சத்தம் என் காதில் விழுந்தது. வாயைத் திறந்தேன். பெண் வீட்டுக்காரன் பேசினால் சம்பந்தச் சண்டை ஆகுமே என்று மூடிக்கொண்டேன்.

சித்தப்பா முன்னால் வந்தார். அன்றைக்கு அந்தத் தெருவில் கௌரவம் போவதென்றால் முதலில் போவது அவருடையது. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார்.

“சம்பந்தி, தறியில ஒரு இழை அறுந்தா அந்த நிமிஷமே நிறுத்திடுவோம். இன்னும் ஒரு முழம்தானேன்னு நெய்துட்டா, அந்தக் குறை சேலை கிழியறவரைக்கும் அதுலயே நிக்கும். பையன் சொல்றது சரி. வண்டி இங்கேயே இருக்கட்டும்.”

மாமா வாயடைத்துப் போனார்.

அப்புறம்தான் தம்பி காரைச் சுற்றி வந்து பார்த்தான். முன்னால் ரேடியேட்டருக்குக் காற்றுப் போகிற வாய், பக்கவாட்டில் எஞ்சினுக்குக் காற்றுப் போகிற ரெண்டு துளை, மூன்றையும் சாமந்தியால் கெட்டியாக அடைத்திருந்தது. அலங்காரக்காரரைக் கேட்டோம். “கோடி ரூபா வண்டியில ஓட்டை ஓட்டையா இருந்துதுங்க. பார்க்க நல்லால்லே, அதான்...” என்றார்.

கூட்டத்தில் ஒருத்தர் ஒரு குடம் தண்ணீரோடு வந்து, “மூடியைத் திற, ஊத்தலாம்” என்றார். தம்பி குறுக்கே விழுந்து தடுத்தான். சூட்டோடு மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில்தான் அடிக்கும். பூவை மட்டும் பிய்த்துப் போட்டுவிட்டுக் காத்திருந்தான். ஒரு மணி நேரம் கழித்து, ஆறினபிறகு தண்ணீர் அளவு பார்த்து, ஸ்டார்ட் பண்ணினான். சிவப்பு இல்லை. கார் சத்தமில்லாமல் மண்டபத்துப் பின்வாசலுக்குப் போனது.

மாப்பிள்ளை? அவர் எப்போதோ மண்டபத்துக்குள் போயாகிவிட்டது. பாவும் சேலையும் ஏற்றிப் போகிற சித்தப்பாவின் பழைய டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில், மாமனார் ஓட்ட, மாப்பிள்ளை மாலையோடு பின்னால் உட்கார்ந்து வர, நாதஸ்வரம் முன்னால் போக. அன்றைக்குக் கிடைத்த விசில் அந்தக் காருக்குக் கிடைக்கவில்லை.

ராத்திரிப் பந்தியில் தம்பியைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார் சித்தப்பா. நான் எதிரில். “சித்தப்பா, உங்க வண்டியில வார்னிங் லைட்டே இல்லையே, கோளாறுன்னா எப்படித் தெரியும்?” என்று கேட்டேன்.

“சத்தம் மாறும்டா. மாறினா நிறுத்திடுவேன்” என்றவர், தம்பியின் இலையில் இன்னொரு வடையை எடுத்து வைத்தார்.