ஆழம் பார்த்துக் கால் வைப்போர்

2001ஆம் ஆண்டு பெப்ரவரியில், ஐக்கிய அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள ஸ்னோபேர்ட் பனிச்சறுக்கு விடுதியில் 17 மென்பொருள் வல்லுநர்கள் கூடினர். ‘அஜைல்’ என்று இன்று உலகெங்கும் பேசப்படும் மென்பொருள் உருவாக்க முறைக்குப் பெயரும் பிரகடனமும் அங்குதான் கிடைத்தன. அதே ஆண்டு ஜூலையில், இணையம் வழியே மளிகைப் பொருள்களை வீடுகளுக்கு விநியோகித்து வந்த வெப்வான் என்ற அமெரிக்க நிறுவனம் வங்குரோத்தானது. முன்னது தொழில்நுட்பச் செய்தி, பின்னது வர்த்தகச் செய்தி. எனினும் இரண்டும் ஒரே பாடத்தையே கற்பிக்கின்றன என்பது என் எண்ணம்.

மென்பொருள் துறையில் நெடுங்காலமாக இருந்த வழக்கம் இதுதான்: தேவைகள் அனைத்தையும் முதலில் எழுதி, ஒப்பந்தம் கைச்சாத்திட்டு, சில ஆண்டுகள் உழைத்து, இறுதியில் பயனாளரிடம் ஒப்படைப்பது. பிழை இருந்தால் அது தெரியவருவதும் இறுதியில்தான். அமெரிக்கப் புலனாய்வுப் பணியகமான எஃப்.பி.ஐ., வழக்குக் கோப்புகளுக்கென உருவாக்கிய மென்பொருளை ஏறத்தாழ 170 மில்லியன் டொலர் செலவான பின்னர் 2005இல் கைவிட்டது. அதற்கு மாற்றாக வந்த ‘சென்டினல்’ திட்டமும் தடுமாறியபோது, 2010இல் பணியகமே அதனைப் பொறுப்பேற்று, இரு வாரத் தவணைகளாக வேலையைப் பிரித்துச் செய்தது. 2012இல் அது பாவனைக்கு வந்தது.

முயற்சியாண்மையிலும் இதே கதைதான். வாடிக்கையாளர் போதியளவு வருவார்களா என்று தெரியும் முன்னரே, 26 நகரங்களில் களஞ்சியங்கள் அமைக்க 1999இல் ஒரு பில்லியன் டொலர் ஒப்பந்தம் செய்தது வெப்வான். அது மூடப்பட்டபோது ஏறத்தாழ 2,000 பேர் வேலை இழந்தனர். அதே 1999இல் நிக் சுவின்மேர்ன் என்பவர் கடைகளிலிருந்த சப்பாத்துகளைப் படம்பிடித்து இணையத்தில் இட்டார். யாராவது கேட்டால், கடைக்குச் சென்று அதே விலைக்கு வாங்கி அனுப்பினார். அதில் இலாபம் இல்லை. ஆனால், போட்டுப் பார்க்காமலே மக்கள் சப்பாத்து வாங்குவார்களா என்ற கேள்விக்கு விடை கிடைத்தது. அவ்வாறு பிறந்த ஸப்போஸ் நிறுவனத்தை 2009இல் அமேசன் ஏறத்தாழ 1.2 பில்லியன் டொலருக்கு வாங்கியது.

தேர்ந்த முயற்சியாளர்களின் சிந்தனையை ஆராய்ந்த சரஸ் சரஸ்வதி என்ற பேராசிரியை, 2001இல் வெளியிட்ட கட்டுரையில் ஒன்றை எடுத்துக்காட்டினார். எவ்வளவு வரும் என்று கணக்கிடுவதை விட, எவ்வளவு இழந்தால் தாங்கலாம் என்பதிலிருந்தே அவர்கள் தொடங்குகிறார்கள். அஜைல் குழுவின் இரு வாரத் தவணையும் இதே கணக்குத்தான். வழி தவறினால் போவது இரு வார உழைப்பு மட்டுமே.

இதனைத் திட்டமே வேண்டாம் என்று பொருள்கொள்வது தவறு. திட்டத்தைப் பின்பற்றுவதற்கும் மதிப்பு உண்டென்றும், மாற்றத்துக்கு ஈடுகொடுப்பதை அதனினும் மேலாக மதிப்பதாகவுமே அந்த 17 பேரும் கூறினர். பாலம் கட்டுவோரும் இருதயக் கருவி செய்வோரும் பொதுமக்கள் மீது பரீட்சித்துப் பார்க்க முடியாது. தாங்கக்கூடிய இழப்பில் மட்டுமே பரீட்சைக்கு இடமுண்டு.

இன்று இம்முறையின் சடங்குகள் பரவிய அளவுக்கு அதன் உயிர் பரவவில்லை என்பதே என் கவலை. நாள்தோறும் காலையில் நின்றபடி கூட்டம் நடக்கிறது. சுவரில் வண்ணத் தாள்கள் ஒட்டப்படுகின்றன. ஆனால் “நாம் செய்வது யாருக்கும் தேவைப்படவில்லை” என்று ஓர் இளம் ஊழியர் கூறினால், அதைக் கேட்டுப் பாதையை மாற்ற மேலதிகாரி ஆயத்தமாக இல்லை. கடன்பட்டுத் தொழில் தொடங்கியவர் பலரும், ஊரார் என்ன சொல்வார்களோ என்று நட்டத்திலேயே ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறார்கள்.

பத்திரிகைத் தொழிலில் இருந்தவர்களுக்கு இது நன்கு தெரியும். நேற்றைய பிழைக்கு இன்று திருத்தம் வெளியிடுவதற்குச் சில வரிகளே போதும். அதற்கு மனம் இணங்குவதே கடினம். ஆயினும் வாசகரின் நம்பிக்கையைக் காப்பது அந்தச் சில வரிகள்தான்.

ஆழமறியாமல் காலை விடாதே என்பது மூத்தோர் வாக்கு. அதற்காகக் கரையிலேயே நிற்கச் சொல்லவில்லை அவர்கள். ஒரு கோலை ஊன்றிப் பார்க்கலாம். ஆழம் என்று கோல் சொன்னால், காலைப் பின்னெடுக்கத் தயங்கக் கூடாது.