பெடல் சொல்லும் செய்தி

1948ஆம் ஆண்டு இங்கிலாந்திலே அறிமுகமான மொறிஸ் மைனர் கார் இலங்கையில் இன்றும் ஓடக் காண்கிறோம். அதனைப் பேணும் அன்பர்கள் வர்ணப் பூச்சிலும் பார்க்கப் பிறேக்கிலே கருத்தூன்றல் வேண்டும். அவ்வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் எண்ணெய்வழி ஒன்றே. ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் ஒருங்கே கைவிடும். கம்பியால் இயங்கும் கைப்பிறேக் மட்டுமே துணை.

மருத்துவர் நாடி பார்ப்பதுபோல, பெடலின் குறியைக் கால் அறிதல் வேண்டும். பஞ்சுபோல் அமிழ்ந்தால், குழாயிற் காற்றுப் புகுந்துள்ளது. மிதித்துப் பிடிக்கையில் மெல்லத் தாழ்ந்தால், மாஸ்டர் சிலிண்டரின் றப்பர் தேய்ந்திருக்கலாம். அன்றி எங்கோ ஒழுக்கு உண்டு. வண்டி ஒருபுறம் இழுத்தால், மறுபுறத்துச் சக்கரச் சிலிண்டர் இறுகியிருக்கலாம். காலை எடுத்த பின்னும் பிறேக் விடாதிருப்பின், பெடலுக்குச் சிறிது தளர்ச்சி உண்டா எனப் பாருங்கள். உண்டெனில், றப்பர்க் குழாய் உள்ளே வீங்கியிருக்கக்கூடும்.

வாவியருகேயுள்ள அமிர்தகழி போன்ற ஊர்களிலே ஈரமே பெரும்பகை. பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிதில் 230 பாகை செல்சியஸ் வரை கொதியாத ‘டொட் 4’ எண்ணெய், ஈரமேறியபின் 155 பாகையளவிலேயே கொதிக்கக்கூடும். கொதித்தால் ஆவி உண்டாகும், ஆவி அமுங்கும், பெடல் தரைதட்டும். அவ்வீரமே சிலிண்டரையும் துருப்பிடிக்கச் செய்யும். ஆதலால் ஈராண்டுக்கொருமுறை எண்ணெயை முற்றாக மாற்றுங்கள். எஞ்சின் எண்ணெயை மட்டும் வார்த்துவிடாதீர்கள். றப்பர் ஊதிக் கெடும்.

மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைத்தகட்டின் கீழ் மறைந்துள்ளது. மாதமொருமுறை விரிப்பை விலக்கி எண்ணெய் மட்டத்தைப் பாருங்கள். குறைந்திருப்பின், வார்த்து மூடிவிட்டுப் புறப்படாது, ஒழுக்கைக் கண்டு திருத்திய பின்னரே புறப்படுங்கள்.