எண்ணெய்க் கிணற்றுச் சேறு அறிவியல், சாக்கடைச் சேறு தீட்டா?

நான் வேதிப் பொறியியல் பேராசிரியர். இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பாய்ம ஓட்டத்தை ஆராய்கிறேன். குழாய்க்குள் எது, எவ்வளவு அழுத்தத்தில், என்ன வேகத்தில் ஓடும் என்று கணக்கிடுகிற வேலை. என் அப்பா நகராட்சியில் பாதாளச் சாக்கடை அடைப்பு எடுத்தவர். அப்பாவுக்கும் எனக்கும் ஒரே தொழில்தான் என்று துறையில் வேடிக்கையாகச் சொல்வேன். அங்கே பட்டியல் சாதிக்காரன் நான் ஒருவன்தான். யாரும் சிரித்ததில்லை.

எண்ணெய்க் கிணறு தோண்டும்போது துளைக்குள் செலுத்துகிற சேற்றைப் பற்றியது என் முனைவர் பட்ட ஆய்வு. அது தண்ணீர்போல் ஓடாது. குறிப்பிட்ட விசை கொடுத்தால்தான் அசையும், பற்பசையை நினைத்துக்கொள்ளுங்கள். சாக்கடையின் அடியில் இறுகிக் கிடக்கும் கசடும் அதே குணம் கொண்டதுதான், அதே சமன்பாடுதான். ஆகவே அதைப் பற்றி ஓர் ஆய்வுத் திட்டம் எழுதிக் கொடுத்தேன். "இது அறிவியல் இல்லை சார், முனிசிபாலிட்டி வேலை" என்றார் தேர்வுக் குழுவில் இருந்தவர். எண்ணெய்ச் சேற்றுக்கு இதே ஆட்கள்தான் கேட்காமலேயே பணம் தந்தார்கள்.

அறிவியல் இல்லையா? வினாடிக்குச் சுமார் 0.6 மீட்டர் வேகத்தில் ஓடினால் சாக்கடை தன்னைத்தானே கழுவிக்கொள்ளும். வேகம் குறைந்தால் கசடு படியும். காற்றுப் புகாத அந்தக் கசட்டில் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்கும். இறங்கியவர் கிளறியதும், சிக்கியிருந்த வாயு மொத்தமாக வெளிவரும். காற்றைவிடக் கனமானது, குழியிலேயே தங்கும். பத்து லட்சத்தில் நூறு பங்கு சேர்ந்தாலே மூக்கு மரத்துவிடும். அழுகிய முட்டை நாற்றம் போய்விட்டதே என்று நம்பி அவர் இன்னும் கீழே போவார். அளவு பல மடங்கானால் ஒன்றிரண்டு மூச்சில் விழுவார். தூக்கப் போகிறவரும் விழுவார். 'விஷவாயு தாக்கி மூவர் பலி' என்று செய்தி வருவது இப்படித்தான்.

மனிதரை இப்படி இறக்குவதை 2013-லேயே சட்டம் தடை செய்துவிட்டது. 2014-ல் 10 லட்சமாக இருந்த இழப்பீட்டை 2023-ல் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது. தொகைதான் ஏறியிருக்கிறது. கேரளத்தில் 2018-ல் சாக்கடைக்குள் இறங்கும் இயந்திரத்தைக் களமிறக்கியவர்கள்கூட கல்லூரியை முடித்துச் சில ஆண்டுகளே ஆன இளைஞர்கள், எங்களைப் போன்ற பேராசிரியர்கள் அல்ல.

நாங்கள் 'தகுதி'யைக் காத்துக்கொண்டிருந்தோம். ஐ.ஐ.டி. ஆசிரியர் பணிகளுக்கு இடஒதுக்கீட்டிலிருந்து விலக்கு வேண்டும் என்று 2020-ல் ஒரு குழு பரிந்துரைத்ததே, அந்தத் தகுதியைத்தான் சொல்கிறேன். எந்தக் குழாயை ஆராயலாம் என்று முடிவு செய்கிற மேசையில், அந்தக் குழாய்க்குள் அப்பனையோ அண்ணனையோ பறிகொடுத்தவர் ஒருவராவது இருக்கிறாரா, தோழர்களே?

திட்டத்தை மூன்றாவது முறையாக அனுப்புகிறேன். தலைப்பில் 'சாக்கடை' என்பதை எடுத்துவிட்டு 'நகர்ப்புறக் கழிவுநீர்' என்று போட்டால் பரிசீலிப்பார்களாம். எடுக்கப் போவதில்லை.