மனுவுக்கு ஒரு நிறம் மாறும் வரைபடம்

சென்னைப் பெருநகரின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2026-ஐ இலக்காக வைத்து வரையப்பட்ட திட்டம் அது. அதன் காலம் முடியும் தறுவாயில், அடுத்த இருபது ஆண்டுகளுக்கான மூன்றாம் திட்டத்தை சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) தயாரித்து வருகிறது. எங்கே வீடு, எங்கே கடை, எங்கே ஆலை, எந்த நிலம் விவசாயத்துக்கு, எது திறந்தவெளியாகவே இருக்க வேண்டும் என்று சர்வே எண் வாரியாக நிறம் பிரித்துக் காட்டும் நிலப்பயன்பாட்டு வரைபடம்தான் இப்படிப்பட்ட திட்டத்தின் உயிர். புதிய வரைபடத்தில் எந்த இடத்துக்கு எந்த நிறம் என்ற விவாதம் அவசியமானது. ஆனால், அதற்கும் முந்திய கேள்வி ஒன்று உண்டு: தீட்டிய நிறம் நிலைத்து நிற்குமா? இதுவரை நிற்கவில்லை. மனு கொடுத்தவரின் நிலத்துக்கு மட்டும் தனியாக வகைப்பாட்டை மாற்றித் தரும் நடைமுறை தொடரும்வரை இனியும் நிற்காது. அந்த நடைமுறையை முடிவுக்குக் கொண்டுவராமல் மூன்றாவதாக ஒரு திட்டம் போடுவதில் பயன் இல்லை.

இத்திட்டங்களுக்கு அடிப்படை, 1971-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். அதன் கீழ் சென்னைக்கான முதல் முழுமைத் திட்டம் 1975-இல் ஒப்புதல் பெற்றது. இன்று முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், திறந்தவெளி, விவசாயம் என்று பல மண்டலங்கள் இருக்கின்றன. இவை முடிவான பிறகும், சட்டம் திட்டத்தில் திருத்தம் செய்ய வழி விட்டிருக்கிறது. நில உரிமையாளர் மனு கொடுப்பார், நாளிதழில் அறிவிப்பு வரும், ஆட்சேபம் தெரிவிக்க அவகாசம் தரப்படும், பிறகு சி.எம்.டி.ஏ. முடிவெடுக்கும், அரசிதழில் வெளியாகும். ஏட்டளவில் குறை சொல்ல முடியாத ஏற்பாடு. நடைமுறையில் அந்த அறிவிப்பு என்ன சொல்கிறது? இன்ன கிராமம், இன்ன சர்வே எண், இவ்வளவு பரப்பு, விவசாயப் பயன்பாட்டிலிருந்து கலப்புக் குடியிருப்புப் பயன்பாட்டுக்கு என்று நான்கு வரி. பக்கத்துத் தெருவில் குடியிருப்பவருக்குத் தன் தெருவின் சர்வே எண் தெரியாது. அந்த நிலத்தில் எத்தனை குடும்பங்கள் வரும், அவர்களின் கழிவுநீர் எங்கே போகும், மழைநீர் எந்தக் கால்வாயில் இறங்கும் என்று அறிவிப்பு சொல்வதில்லை. ஆட்சேபம் வரவில்லை என்பதை ஊரின் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது.

தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு மாற்றமும் சிறியதுதான். மூன்று ஏக்கர் இங்கே, ஐந்து ஏக்கர் அங்கே. அந்த மூன்று ஏக்கரால் நகரம் மூழ்காது என்று எந்த அதிகாரியும் மனசாட்சியோடு எழுத முடியும். இருபது ஆண்டுகளில் சேர்ந்த மொத்தத்தைக் கூட்டிப் பார்க்கும் கடமை மட்டும் யாருக்கும் இல்லை.

அந்தக் கூட்டலைப் பள்ளிக்கரணை செய்து காட்டியிருக்கிறது. வருவாய்த்துறைப் பதிவேடுகளில் கழுவெளி என்று குறிக்கப்பட்ட அந்தச் சதுப்புநிலம் தென்சென்னையின் வடிகால். சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை, சங்கிலித் தொடராக இருக்கும் ஏரிகளின் கலங்கல் தாண்டி அங்கே வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் பக்கம் கடலுக்குப் போக வேண்டும். ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் பரந்திருந்த சதுப்பு, பெரிதும் சுருங்கியது. இதற்கு ஆக்கிரமிப்பாளர்களை மட்டும் குற்றம் சொல்வது வசதியானது. உண்மை அது மட்டுமல்ல. பெருங்குடி குப்பைக் கிடங்கு அரசுடையது. வேளச்சேரிக்குப் போகும் பறக்கும் ரயில் பாதை அரசுடையது. ஆய்வு நிறுவனங்களுக்கும் தகவல் தொழில்நுட்ப வளாகங்களுக்கும் முறையாகவே இடம் ஒதுக்கப்பட்டது. சட்டத்தை மீறாமல், கோப்பு கோப்பாக ஒப்புதல் பெற்றே ஒரு நீர்நிலையை இழக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. 2007-இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் ஏறத்தாழ 1,248 ஹெக்டேர் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அதாவது ராம்சர் தலமாக, ஏற்கப்பட்டது. எஞ்சியதைக் காக்கும் முயற்சிகள் இவை. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் படகில் மீட்கப்பட்ட மக்கள், அதற்கு முன் நடந்தவற்றுக்கு விலை கொடுத்தார்கள்.

எண்ணூரில் நடந்தது இன்னும் வேதனையானது. 1996-இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் எண்ணூர் கழிமுகம் பாதுகாக்கப்பட்ட நீர்ப்பரப்பாகத் தெளிவாகக் குறிக்கப்பட்டிருந்தது. பின்னாளில் வெளிவந்த வேறொரு வரைபடத்தில் அதன் பெரும்பகுதி காணவில்லை. மீனவர்கள் வலை வீசிக்கொண்டிருந்த நீர், தாளில் இல்லாமல் போனது. தகவல் உரிமைச் சட்டத்தின் துணையோடு இரண்டையும் ஒப்பிட்டவர்கள் ஊர்க்காரர்களும் சூழலியல் ஆர்வலர்களும்தான்.

வகைப்பாடு மாற்றம் ஒரு வாசல் என்றால், விலக்கும் வரன்முறையும் இன்னும் இரண்டு வாசல்கள். நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-ஆவது பிரிவு, எந்தக் கட்டடத்துக்கும் விதிகளிலிருந்து விலக்களிக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. அப்படி வழங்கப்பட்ட 62 அரசாணைகளை 2000-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. விதிமீறல்களை வரன்முறைப்படுத்தச் சேர்க்கப்பட்ட 113-ஏ பிரிவை, ஒருமுறை மட்டுமேயான ஏற்பாடு என்ற அடிப்படையில் நீதிமன்றம் அனுமதித்தது. அந்த ஒருமுறை மறுபடி மறுபடி நீட்டிக்கப்பட்டு, 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட வேண்டியதாயிற்று. அதன் பிறகும் 2007 ஜூலைக்கு முந்தைய கட்டடங்களுக்கென்று புதிய பிரிவு வந்தது. விதியை மதித்துப் பக்கவாட்டில் இடம் விட்டுக் கட்டியவர், விடாமல் கட்டிவிட்டுப் பணம் கட்டிச் சரிசெய்துகொண்டவரைப் பார்த்து என்ன நினைப்பார்? அடுத்த முறை அவரும் இடம் விடமாட்டார்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களைத் தட்டிக்கழிக்க முடியாது. நகரம் உயிருள்ளது, இருபது ஆண்டுகளுக்கு முன் வரைந்த கோட்டுக்குள் அதை அடைக்கக் கூடாது என்கிறார்கள். நியாயம்தான். 1975-இன் திட்டம் 2008 வரை, அதாவது 33 ஆண்டுகள், சென்னையை ஆண்டது. கோயம்புத்தூர் 1994-இல் ஒப்புதல் பெற்ற திட்டத்தோடு சுமார் முப்பது ஆண்டுகள் ஓடியது. அத்தனை பழைய வரைபடத்தைத் திருத்தாமல் இருக்க முடியாது. ஆனால், திட்டத்தை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்ய அதே சட்டம் வழி செய்திருக்கிறது. அந்த மறுஆய்வில் ஒரு பகுதி முழுவதையும் எடுத்து, சாலை அகலம், குடிநீர், வடிகால், பள்ளி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து நிறத்தை மாற்றலாம். காலத்துக்கேற்ற திருத்தம் என்றால் அதுதான். ஐந்தாண்டு வேலையைச் செய்யாமல் விட்டுவிட்டு, அந்த இடைவெளியைத் தனி மனுக்களால் நிரப்புவது திருத்தம் ஆகாது.

இரண்டாவது வாதம் இதைவிடக் கனமானது. அதற்கு நேர்மையாகப் பதில் சொல்லியாக வேண்டும். விவசாய மண்டலம் என்று நிறம் தீட்டப்பட்ட நிலத்துக்குச் சொந்தக்காரர் பெரும்பாலும் சிறு விவசாயி. பக்கத்து நிலம் மனைகளாகிப் பல மடங்கு விலைக்குப் போகும்போது, அவர் மட்டும் ஊருக்காக நெல் விளைவித்துக்கொண்டு இருக்க வேண்டுமா? வேண்டாம். நகரத்தின் வெள்ளத்தைத் தாங்கும் நிலத்தின் சுமையை ஒரு குடும்பத்தின் தலையில் மட்டும் வைப்பது அநீதி. இருந்தாலும், இன்றைய முறையில் லாபம் யாருக்கு என்று பார்க்க வேண்டும். வகைப்பாடு மாற்றத்துக்குக் கட்டணம், வரைபடம், ஆலோசகர், அலுவலக அலைச்சல், மாதக்கணக்கில் காத்திருப்பு எல்லாம் உண்டு. சிறு விவசாயியால் அது ஆகாது. அவர் விவசாய நில விலைக்கு விற்றுவிடுகிறார். வாங்கியவர் நிறத்தை மாற்றி மனை விலைக்கு விற்கிறார். வரைபடம் மாறும் என்ற எதிர்பார்ப்பே இந்த வியாபாரத்தின் மூலதனம். மாறாது என்று உறுதியானால் அந்த வியாபாரம் நின்றுபோகும். விவசாயிக்கு நேரடியாக ஈடு கொடுக்க வழிகள் இருக்கின்றன. சாலை விரிவாக்கத்துக்கு நிலம் விட்டுக்கொடுத்தவருக்கு வேறிடத்தில் கூடுதல் கட்டட உரிமை தரும் முறை தமிழ்நாட்டு விதிகளில் ஏற்கெனவே உண்டு. நீர்ப்பிடிப்பு நிலங்களுக்கும் அதை விரிவாக்கலாம். குஜராத்தில் நெடுங்காலமாக நடப்பதுபோல், ஒரு பகுதியின் நிலங்களை ஒன்றாகத் திரட்டி, சாலைக்கும் பூங்காவுக்கும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, மீதியை எல்லா உரிமையாளர்களுக்கும் பகிர்ந்து தரலாம். அப்போது மதிப்பு உயர்வு மனு போட்டவருக்கு மட்டும் போகாது.

மண்டலப் பிரிப்பே ஏழைகளை ஒதுக்கும் கருவி என்ற விமர்சனமும் இருக்கிறது. அமெரிக்காவில் லூயிவில் நகரம் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் எங்கெங்கே குடியிருக்கலாம் என்று பிரித்துப் போட்ட சட்டத்தை, 1917-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தனிவீடுகளுக்கு மட்டும் என்று ஒதுக்கிய மண்டலங்கள் பிறகும் அதே வேலையை மறைமுகமாகச் செய்தன. ஆகவே வீட்டுக்குக் கீழே கடை, தெருமுனையில் இட்லிக்கடை, தையல் எந்திரம் ஓடும் முன்னறை ஆகியவற்றுக்கு நம் வரைபடம் தாராளமாக இடம் தர வேண்டும். தமிழக ஊர்கள் அப்படித்தான் வாழ்கின்றன. கண்டிப்பு வேண்டியது நீரிலும் திறந்தவெளியிலும். அந்தக் கண்டிப்பு இல்லாததால் முதலில் அடிபடுபவர்களும் ஏழைகள்தான். நகர நடுவிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களைக் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் குடியேற்றியது அரசு. பள்ளிக்கரணைச் சதுப்பைச் சுற்றிய தாழ்வான பகுதிகள் அவை. கனமழை வந்தால் அங்கே நீர் நிற்கும்.

சென்னைப் பெருநகரப் பகுதியின் பரப்பு 2022-இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிவாக்கப்பட்டது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் எத்தனையோ ஏரிகளும் தாங்கல்களும் வரத்துக்கால்வாய்களும் அதற்குள் வந்துவிட்டன. பள்ளிக்கரணையில் நடந்தது அங்கே நடக்காமல் தடுக்க இன்னும் நேரம் இருக்கிறது. மூன்றாம் திட்டத்தின் வரைவோடு, 2008-க்குப் பிறகு மாற்றப்பட்ட ஒவ்வொரு சர்வே எண்ணையும் குறித்த வரைபடத்தை சி.எம்.டி.ஏ. தமிழில் வெளியிட வேண்டும். ஐந்தாண்டு மறுஆய்வுக்கு வெளியே எந்தத் தனி மாற்றமும் கூடாது. நீர்ப்பிடிப்பு, சதுப்பு, திறந்தவெளி மண்டலங்களில் மறுஆய்விலும் கூடாது. இந்தக் கட்டுப்பாடு அரசுத் துறைகளுக்கும் பொருந்த வேண்டும். வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடுவதற்காக 2022-இல் விதிகள் வகுக்கப்பட்ட ஏரியா சபைகளில், அந்தந்தப் பகுதியின் வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, தெருப்பெயரோடு விளக்க வேண்டும். வரைவு வெளியானதும் ஆட்சேபம் எழுத்தில் தெரிவிக்கச் சட்டம் எல்லோருக்கும் உரிமை தருகிறது. அதுவரை காத்திருக்காமல், உங்கள் பகுதியின் இன்றைய வரைபடத்தையும் அதில் இதுவரை நடந்த மாற்றங்களையும் உங்கள் கவுன்சிலரிடம் இப்போதே கேளுங்கள்.