எனக்கென்று ஒரு பக்கம்



நீங்க இப்போ நின்னு படிக்கிற இந்தத் தாள் எத்தனை நாள் இந்தச் சுவரில் இருக்கும்? அடுத்த தாள் வர்ற வரைக்கும்தான். வந்ததும் இதைக் கிழிச்சிடுவோம். போன தடவை இங்கே அழகா படம் வரைஞ்சது யார்னு கேட்டா பாதிப் பேருக்கு ஞாபகம் இருக்காது. நாம செய்யுற நல்ல வேலை எல்லாம் இப்படித்தான் போகுது. அதனால மாணவர்களும் சொந்தமா ஒரு வலைத்தளம் வச்சுக்கணும் என்பது என் கருத்து.

"வலைத்தளம் எல்லாம் கம்பெனிக்காரங்களுக்கு. ஒன்பதாவது படிக்கிற பிள்ளைக்கு எதுக்கு?" என்று கேட்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன், எங்க பக்கத்து வீட்டு அக்காவுக்கு நடந்ததைக் கேட்கிற வரைக்கும்.

அந்த அக்கா ஜாக்கெட்டில் ஆரி வேலை செய்வாங்க. மயில் போட்டா மயில் பறந்து வர்ற மாதிரி இருக்கும். செஞ்சதை எல்லாம் போனில் படம் பிடிச்சு வச்சிருந்தாங்க. ஒரு நாள் போன் தண்ணித் தொட்டியில் விழுந்துடுச்சு. மூணு வருஷப் படமும் போச்சு. அப்புறம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கடைக்கு வேலை கேட்டுப் போனாங்க. "முன்னாடி செஞ்சதைக் காட்டும்மா" என்றார்களாம். அக்கா கையில் பிளஸ் டூ மார்க் ஷீட்தான் இருந்தது. மார்க் ஷீட்டில் மயில் தெரியாதே! வேலை கிடைக்கவில்லை.

மார்க் ஷீட் மத்தவங்க நமக்குக் கொடுத்தது. நாம என்ன செஞ்சோம் என்பதை நாமதான் காட்டணும்.

இதுக்கு வயசு தடையில்லை. கேரளாவில் கோழிக்கோட்டைச் சேர்ந்த ஸ்ரீலட்சுமி சுரேஷ் தன் பள்ளிக்கூடத்துக்கு வலைத்தளம் செய்து கொடுத்தார். 2007இல் அதைத் திறந்து வைத்தபோது அவருக்கு வயது 8! பெங்களூரு சுகாஸ் கோபிநாத் முதல் வலைத்தளம் செய்தபோது 14 வயது. என் வயசு! வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. இன்டர்நெட் கடைக்காரர் மதியம் சாப்பிடப் போகும் நேரத்தில் கடையைப் பார்த்துக்கொண்டு, அதுக்குப் பதிலா காசில்லாமல் இணையம் பார்த்துக் கற்றுக்கொண்டார்.

பணம் இல்லையே என்றும் சொல்ல முடியாது. கூகுள் சைட்ஸ், வேர்ட்பிரஸ் மாதிரி இலவசமாகவே இடம் தர்றாங்க. அழகா இல்லையே என்று வெட்கப்படவும் வேண்டாம். உலகத்தின் முதல் வலைத்தளத்தை டிம் பெர்னர்ஸ் லீ 1991இல் வெளியிட்டபோது அதில் ஒரு படம்கூட இல்லை. வெறும் எழுத்தும் இணைப்புகளும்தான்.

சரி, என்ன போடுறது? "நான் நல்ல பெண், எனக்குப் பிடித்த நிறம் நீலம்" என்று எழுதினால் யாருக்கும் பயன் இல்லை. பத்துப் படம் போடுறதைவிட நல்லா செஞ்ச மூணு வேலையைப் போட்டு, எப்படிச் செஞ்சேன், எங்கே தப்பு வந்துச்சு, எப்படிச் சரி பண்ணினேன் என்று எழுதணும். சத்திரப்பட்டிப் பிள்ளைகள் வீட்டில் பேண்டேஜ் துணி நெய்வதைத் தினமும் பார்க்கிறாங்க. அதை எழுதலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைச்சது நமக்குப் பெருமை. ஆனா பால் எப்போ திரளும், கை எப்போ வலிக்கும் என்பது கிண்டுறவங்களுக்குத்தான் தெரியும். அவங்க வீட்டுப் பிள்ளை எழுதினால் எவ்வளவு நல்லா இருக்கும்! அதுவும் தமிழிலேயே எழுதலாம்.

போட்டுட்டு அப்படியே விட்டுடவும் கூடாது. சுவிட்சர்லாந்தில் இருந்த விஞ்ஞானி கல்யாணசுந்தரம் அவர்கள் 1998 பொங்கல் அன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். தன்னார்வலர்கள் பழைய தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் போட்டாங்க. முதலில் வேறு எழுத்து முறையில் இருந்ததைப் பிறகு யூனிகோடுக்கு மாற்றினாங்க. அதனால்தான் இன்னிக்கு நம்ம போனிலும் படிக்க முடியுது. நாமும் மூணு மாசத்துக்கு ஒருமுறை நம்ம பக்கத்தைத் திறந்து, எழுத்துப்பிழை திருத்தி, பழசை எடுத்துட்டுப் புதுசு போடணும்.

இன்னொன்று. இலவச இடம் நிரந்தரம் இல்லை. லட்சக்கணக்கான பேர் பக்கம் வைத்திருந்த ஜியோசிட்டிஸ் 2009இல் மூடப்பட்டது. அதனால பென் டிரைவில் ஒரு நகல், நோட்டில் ஒரு நகல் கட்டாயம்.

இப்போ எங்க அம்மா சொல்றதுக்கு வர்றேன். "பொம்பளப் பிள்ளை பேரு நெட்டுல வந்தா வம்புதான் வரும்" என்பாங்க. அம்மா பயப்படுறது பொய் இல்லை. கெட்டவங்க இருக்காங்க. அதனால முகம், போன் நம்பர், ஊர், தெரு, பள்ளிக்கூடம் பேர் எதுவும் போடக் கூடாது. முழுப் பேர்கூட வேண்டாம். அம்மா அப்பாவிடமோ டீச்சரிடமோ காட்டிவிட்டுத்தான் வெளியிடணும். நம்ம முகத்தை மறைக்கலாம். ஆனா பயத்துக்காக நம்ம வேலையையும் மறைச்சா நஷ்டம் யாருக்கு? ஆரி வேலை அக்காவைக் கேளுங்க.

தலைமை ஆசிரியர் அவர்களுக்கு என் பணிவான வேண்டுகோள். வாரம் ஒரு பீரியட் கம்ப்யூட்டரில் இதைச் செய்து பழக அனுமதி தாருங்கள். அதுவரை நாம நோட்டில் ஆரம்பிக்கலாம். முதல் பக்கத்தில் "நான் செய்தவை" என்று தலைப்பு எழுதி, கீழே மூணு வேலையை எழுதுங்க. மூணு இல்லைன்னா இந்த மாசமே ஒண்ணு செய்யுங்க.

அப்புறம், இந்தத் தாளைக் கிழிக்கிறதுக்கு முன்னாடி யாராவது டீச்சர் ஒரு போட்டோ எடுத்து வையுங்க, ப்ளீஸ்!



– ஒன்பதாம் வகுப்பு மாணவி